ராஜேஸ்வரி தேர்ந்தெடுத்த முன்மொழிவு

ராஜேஸ்வரியின் எண்ணிலிருந்தே அந்தச் செய்தி நம் மென்பொருள் குழுவுக்கு வந்தது. "ராஜேஸ்வரி விடியக்காலையில் தவறிவிட்டாள். மதியம் எடுக்கிறோம்." அனுப்பியவர் அவருடைய கணவர். மாரடைப்பு. விருதுநகரிலிருந்து பஸ் ஏறி நான் சிவகாசி போய்ச் சேர்ந்தபோது, அவர் வேலை பார்த்த அச்சகத்து ஆட்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர் மென்பொருள் எழுதுவார் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

நமக்கு அதுதான் தெரியும். பகலில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்தவர், மிச்ச நேரத்தில், யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய நம்முடைய கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காக உழைத்தார். நீளமான தமிழ்ச் சொல்லை வரியின் ஓரத்தில் எங்கே உடைப்பது என்று முடிவு செய்யும் பகுதி முழுக்க அவர் எழுதியது. குறை சொல்லி எழுதியவர்களுக்கு அவரே பதில் போடுவார். சிலருக்குச் சுள்ளென்றும் போடுவார்.

கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் நம்மைப் போன்ற குழுக்களில் சேர்ந்து எழுதப் பழகும் திட்டத்தில், ஒரு வருடம் நமக்கு ஒரே ஒரு மாணவருக்கான இடம்தான் கிடைத்தது. தேர்வு செய்யும் பொறுப்பு அவருக்கும் எனக்கும். என்ன செய்யப் போகிறோம் என்று மாணவர்கள் எழுதி அனுப்பியதில், கடைசியில் இரண்டு முன்மொழிவுகள் நின்றன. ஒன்று, அவர் எழுதியதன் மேல் புதிய வசதிகளைச் சேர்ப்பது. அது அவரைப் பாராட்டவும் செய்தது. இன்னொன்றை அனுப்பியவர் சுகன்யா என்ற மாணவி. அந்தப் பகுதியை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும் என்றார் அவர்.

ராஜேஸ்வரியின் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். முதலாவதே போதும் என்றேன்.

"ஏன் தம்பி, நான் வருத்தப்படுவேன்னு பாக்கீகளா?"

"அப்படியில்லக்கா. ரெண்டாவது கொஞ்சம் ஏத்தமா, மரியாதையில்லாம எழுதியிருக்கு."

"ஏத்தம் கெடக்கட்டும். சொல்லுதது நெசமான்னு பாப்போம்."

கணினியைத் திறந்து, ஒரு லேபிளுக்கான வாசகத்தைக் குறுகலான பத்தியில் ஓடவிட்டார். 'எச்சரிக்கை' என்ற சொல் உடைந்து, 'ச்' அடுத்த வரியின் தலையில் போய் நின்றது. சுகன்யா சுட்டிய அதே தவறு. ஒரு விதியை மாற்றினார். அது சரியாகி வேறொரு சொல் கெட்டது. மறுபடி மாற்றினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை சரியாத்தான் சொல்லுது. அம்புட்டு வருசமா எழுதினது, வலிக்கத்தான் செய்யுது. அதுக்காக இதத் தள்ளிட்டு மத்தத எடுத்தா, நாளைக்கு லேபிள் அடிக்கிறவுகட்ட என்ன சொல்ல?"

சுகன்யாவையே தேர்ந்தெடுத்தோம்.

அந்தக் கோடை எளிதாகப் போகவில்லை. இருவரும் சண்டை போட்டதை நாம் எல்லோரும் குழுவில் படித்தோம். "புதுசுங்கிறதுக்காக ஒத்துக்க மாட்டேன். ஓட்டிக் காட்டு" என்று எழுதினார் ராஜேஸ்வரி. சுகன்யா ஓட்டிக் காட்டினார். புதியது தேறியதும், பழையதை நீக்கும் வேலையை ராஜேஸ்வரி மாணவியிடம் விடவில்லை. "அத நானே செய்யுதேன்" என்றார், செய்தார். அதன் பிறகு சில வாரங்கள் குழுப் பக்கமே அவர் வரவில்லை. புதிய பகுதியைப் பற்றி முதல் புகார் வந்தபோது, திரும்பி வந்து அதற்குப் பதில் எழுதியவர் அவர்தான்.

இன்று அந்தப் பகுதியில் அவர் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பழக்கம். முன்மொழிவுகள் வந்து சேரும்போது, என் வேலையைக் குறை சொல்வதை முதலில் எடுக்கிறேன். படிக்கப் பிடிப்பதில்லை. பிடிக்காமலே கடைசி வரி வரை படித்துவிடுகிறேன்.