எண்ணெய் தேய்த்த காலை

எங்கள் குடும்பத்தில் எழுத்து படித்தவள் நான் ஒருத்திதான். தோட்டப் பள்ளியில் தொடங்கி, மலாக்கா டவுனில் விடுதியில் தங்கிப் படித்து, இன்று அந்த டவுன் பள்ளியிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

டவுன் பள்ளிக்கூடத்தில் பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்று கிடந்தது. இரகசியச் செய்திகளின் சரித்திரத்தை அதில் எழுதியிருந்தார்கள். ஒரு காலத்தில் ஒரு பிரபு, அடிமையின் தலையை மழித்துத் தோலில் சேதி எழுதி, முடி வளர்ந்த பிறகு அனுப்பி வைத்தானாம். ரோமாபுரித் தளபதி ஒருவன் எழுத்துகளைச் சில இடம் தள்ளி எழுதினானாம். உடைக்க முடியாத மறைமொழி என்று மனிதர் நம்பியதெல்லாம் கடைசியில் உடைந்தது என்றும் இருந்தது. அந்த வரியை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன்.

நம் எழுத்தில் இது இன்னும் சுலபம் என்று எனக்குத் தோன்றியது. பள்ளியில் மெய்யெழுத்துகளை ஜோடி ஜோடியாகத்தான் பாடுவோம். கங, சஞ, டண, தந, பம, யர, லவ, ழள, றன. ஜோடியில் ஒன்று வரவேண்டிய இடத்தில் மற்றதைப் போட்டால் முடிந்தது. உயிரெழுத்தைத் தொட வேண்டாம். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தபோது அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் எனக்கு மூத்தவள், பால்மரம் வெட்டுகிறவள், ஓர் எழுத்தும் அறியாதவள். ஜோடிகளைப் பாட்டாகக் கேட்டே பிடித்துக்கொண்டாள். விடுமுறை முடிவதற்குள் என்னைவிட வேகமாகப் பேசினாள். அந்தப் பாஷையில் அம்மா அப்பாவாகிவிடுவாள், அப்பா அம்மாவாகிவிடுவார். தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். பேய் பிடித்த பிள்ளைகள் என்று அம்மா திட்டுவாள்.

அக்காவை மஸ்ஜித் தானா பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளையும் மரம் வெட்டுகிறவர்தான். குடிப்பதில்லை என்றார்கள். புறப்படும் நாளில், அங்கே ஏதாவது ஆகிவிட்டால் நம் பாஷையில் ஒரு வார்த்தை சொல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். சொன்னதை நிச்சயம் செய்வேன் என்று நம்பித்தான் சொன்னேன்.

தலைத் தீபாவளிக்கு இருவரும் வந்தார்கள். ரப்பர் விலை விழுந்து, பாதித் தோட்டங்களில் ஆளைக் குறைத்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்த சமயம். எங்கள் தோட்டத்திலும் அப்பா, அம்மா இருவரின் பெயரையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வாசித்துவிட்டார்கள். அடுத்த கப்பலில் ஊருக்குப் போக வேண்டும். ஆனாலும் தலைத் தீபாவளி தலைத் தீபாவளிதான். அம்மா ஒரு கோழி அடித்தாள். விடியுமுன் அக்காவை மணையில் உட்கார வைத்து, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். குளித்து வந்த அக்கா, அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டுவரை நீண்ட ரவிக்கை போட்டுக்கொண்டாள்.

அத்தான் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா தோசை வைத்தாள். அப்படியே என் பக்கம் திரும்பி, பழைய விளையாட்டுப் போலச் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"எற்ற அறும்ம லிணாந."

என்னை அனுப்ப விடாதே. கேட்ட கணமே எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த சட்னிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"என்னா கொழுந்தியா, டவுன் பள்ளிக்கூடத்துல இதையும் சொல்லிக் கொடுக்கிறாங்களா?" என்றார் அத்தான்.

"இதெல்லாம் எல்லாருக்கும் வராது அத்தான்," என்றேன்.

அவர் சிரித்தார். இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் பக்கத்து லயத்து வீட்டு ஆட்களோடு பேசப் போனதும் அம்மாவைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அப்பா அங்கே விறகு பிளந்துகொண்டிருந்தார். அக்கா சொன்னதை இருவருக்கும் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டால் போதும், அப்பா கோடரியைப் போட்டுவிட்டு எழுந்திருப்பார் என்று நினைத்தேன். அப்பா அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினார்.

"காலையில எண்ணெ தேய்ச்சது நான்தானேடி," என்றாள் அம்மா. "முதுகைப் பாத்தேன். கையைப் பாத்தேன். நீ வந்து படிச்சுக் காட்டணுமா?"

பார்த்த பிறகுமா அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வச்சிக்கிறது? அடுத்த மாசம் இந்த வீடே நமக்கு இல்ல. ஊருக்குக் கூட்டிப் போனா அங்க யாரு சோறு போடுறா? அந்தத் தோட்டத்துலயாவது அவளுக்கு வேலை இருக்கு."

நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். நீயே இன்னொருத்தர் கூரைக்குக் கீழே படுக்கிறவள் என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. விடுதியில் எனக்கிருந்தது ஒரு கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியும். அக்காவுக்கு இடம் கேட்டு விடுதித் தலைவிக்கு எழுதுவதென்று அப்போதே முடிவு செய்தேன். பிறகு எழுதவும் செய்தேன். கல்யாணமான பெண்களுக்கு இடமில்லை என்று நல்ல கையெழுத்தில் பதில் வந்தது.

புறப்படும் நாளில் சிம்பாங் அம்பாட் வரை வழியனுப்பப் போனேன். பஸ் வந்து நின்றது. அக்கா என் கையைப் பிடித்தபடி நின்றாள். அத்தான் மூட்டையை மேலே ஏற்றிவிட்டு வந்தார். யாரையும் அதட்டவில்லை. அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"லா, மோவாப்."

வா, போலாம். பக்கத்தில் நின்ற சனங்களுக்கு அது ஏதோ மலாய்ப் பேச்சுப் போலக் கேட்டிருக்கும். அக்காவின் விரல்கள் என் கையிலிருந்து கழன்றன. அவர் என்னைப் பார்த்து, மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு ஏறினார். தீபாவளிக் காலையில் தோசை கேட்டுச் சாப்பிட்டபோதே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது.

கல்யாணமான புதிதில் ஆசையாக அக்காவே சொல்லிக் கொடுத்தாளா, அவர் கேட்டு வாங்கினாரா, எனக்குத் தெரியாது. கேட்க வாய்க்கவில்லை. அப்பாவும் அம்மாவும் கப்பலேறினார்கள். பள்ளி லீவில் ஒருமுறை அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். வாசலில் அத்தானின் தாயார் உட்கார்ந்திருந்தார். அக்கா வெட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். வெட்டு முடிந்து எல்லாரும் திரும்பிவிட்ட வேளை அது.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் துணி கொண்டுபோகும் பாய் ஒருவர், டவுனுக்குச் சரக்கெடுக்க வரும்போது பள்ளி வாசலில் நின்று சேதி சொல்லிவிட்டுப் போவார். போன வாரமும் வந்தார்.

"ஒங்க அக்கா நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னுச்சு, தங்கச்சி."

புரியாத மாதிரி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"இல்லலா. தெளிவாத்தான் சொன்னுச்சு. மாப்பிள்ளகூடப் பக்கத்துலதான் நின்னாரு."

எப்போதும் நிற்பாரா என்று கேட்டேன்.

"எப்பவும்தான்," என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

மணி அடித்தது. உள்ளே பிள்ளைகள் கங, சஞ, டண என்று தொடங்கிவிட்டார்கள். நல்லா இருக்கேன் என்பதை நான் ஒவ்வோர் எழுத்தாக மாற்றிப் பார்த்தேன். தவ்வா இயுங்ஙேற். அதற்கு ஒரு பொருளும் இல்லை. திரும்ப மாற்றினேன். நல்லா இருக்கேன் என்றுதான் வந்தது.