விறகுக் கயிறும் இரண்டு வட்டங்களும்

என் அண்ணன் மனைவியிடம் நீல நைலான் கயிறு ஒன்று இருந்தது. விறகு கட்ட வாங்கியது. ஒரு நாள் காலை அந்தக் கயிற்றோடு மதினி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனார். ஏழாம் நம்பர் மலையைப் பத்துப் பெண்கள் மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு வேலை பிரித்திருந்தார். வரைபடத்தில் அந்த இடம் சின்னதாம். மதினி மேலே தண்ணீர் வடியும் கானிலிருந்து கீழ்க் கான் வரை சரிவோடு சரிவாகக் கயிறு பிடித்து அளந்தார். படம் சொன்னதைவிட மூன்று கயிறு கூடுதலாக வந்தது.

"சேவையர் நிலத்த அளந்து போட்ட மேப்பு பொய் சொல்லுமா?" என்று கண்டாக்கு சிரித்தார்.

"அப்ப மேப்புலயே ஏறி நின்னு கொழுந்து பறிச்சுக்கங்க ஐயா."

வேலையின் அளவு குறையவில்லை. மதினியின் வாயும் அடங்கவில்லை. எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தும் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

அன்று நானும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவத்தோடு மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். கருந்துளையின் எல்லைப் பரப்பு எப்படி வளைந்திருக்கிறது என்று ஆராய நான் கேட்டிருந்தேன். தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார் எங்கள் பேராசிரியர். "நீர் தோட்டத்துப் பிள்ளை. தேயிலை மண்ணில ஆராய்ச்சி செய்தா உம்மட சனத்துக்கு உதவுமெல்லோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில்தான் எனக்குப் பற்றி எரிந்தது. மண்ணுக்கு நாங்கள், வானத்துக்கு வேறு ஆட்களா? ஆனாலும் மூன்று மாதம் வாதாடிக் களைத்துப் போயிருந்தேன். திங்கட்கிழமை அந்தத் தலைப்பு மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது என்றிருந்தேன்.

எல்லாவற்றையும் மதினியிடம் கொட்டினேன். "நீ கேட்ட அந்தக் கருந்துளையில அப்படி என்ன புள்ள இருக்கு?" என்று மதினி கேட்டார்.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் வரைந்தேன். சுற்றளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் இடைவெளி இவ்வளவு என்று வரும். கருந்துளையைச் சுற்றி அதே வட்டங்களைப் போட்டு இடையில் கயிறு பிடித்தால் அதைவிட அதிகம் இருக்கும் என்றேன்.

"இதத்தானே காலையில சொன்னேன்!"

அங்கே என் படிப்புக் கொழுப்பு சும்மா இருக்கவில்லை. "இல்ல மதினி, உங்க மலை வெறும் சாய்வு. இதுல இடமே வளைஞ்சிருக்கு."

"வெறும் சாய்வா? கூடைய மாட்டிக்கிட்டு ஏறிப் பாரு, எது வளையுதுன்னு தெரியும்."

பிறகு எல்லையைப் பற்றிச் சொன்னேன். அங்கே சுவர் கிடையாது, கோடு கிடையாது. கடக்கிறவனுக்குக் கடந்ததே தெரியாது. கடந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி உள்ளேதான் போகும். வெளிச்சம்கூட வெளியே வராது.

மதினி படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "அதுக்கு வெளிய நிக்கிறவன்?"

"அவன் திரும்பலாம்."

"நீ இன்னும் கையெழுத்துப் போடலயில்ல?"

திங்கட்கிழமையும் நான் போடவில்லை. இன்று அதே துறையில் அந்த இரண்டு வட்டங்களையும் நான்தான் கரும்பலகையில் வரைகிறேன். இந்தக் கணக்கால் உங்கள் சனத்துக்கு என்ன லாபம் என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். தோட்டத்திலிருந்து வராத ஆராய்ச்சியாளர்களிடம் இதைக் கேட்டிருக்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.