நாற்பத்தொன்றாம் பெட்டி

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கிடங்கில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் நம்பர் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த வண்டிக்காரருக்கும் அக்காதான். பதிலுக்கு அவள் அவரை அண்ணே என்பாள். இதில் யார் பெரியவர் என்ற குழப்பம் இருவருக்கும் வந்ததில்லை.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள், அங்கே ஒரு வீடு அமையும்வரை சாமான்களைப் போட்டுவைக்கும் வாடகைக் கிடங்கு அது. நீண்ட நடை, இரண்டு பக்கமும் ஷட்டர் போட்ட சின்னச் சின்ன அறைகள். மற்ற கிடங்குகளில் கனமானது அடியில், லேசானது மேலே, அவ்வளவுதான் கணக்கு. நம்பர் அக்காவுக்கு அது ஆகாது. வாசல் பக்கம் இருந்த சாமான் ஷட்டருக்குப் பக்கத்தில், அடுத்து கூடம், அடுத்து படுக்கையறை, கடைசிச் சுவரோரம் சமையலறை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், எண்ணுக்கு நேராக நோட்டில் ஒரு வரி.

"எங்கேயோ இருந்து போன் பண்றவங்களுக்கு நம்பரா ஞாபகம் இருக்கும்? வீடுதான் ஞாபகம் இருக்கும். கண்ண மூடி உள்ள நுழைங்கன்னு சொன்னா, பொருள் எங்க இருக்குன்னு அவங்களே சொல்லிடுவாங்க" என்பாள்.

சரி, அதுவாவது நியாயம். வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டது வேறொன்றுக்காக. அலமாரித் தட்டில் விரித்த பழைய செய்தித்தாள், பழைய காலண்டர், கதவில் ஒட்டியிருந்த படம் எதையும் அவள் குப்பையில் போட விடமாட்டாள். சுருட்டிக் கட்டி, பெட்டியில் போட்டு, அதற்கும் ஒரு எண் கொடுப்பாள்.

"குப்பைக்கும் நம்பரா? அப்ப தூசியையும் ஒரு டப்பால அடைச்சு எழுதிடுங்கக்கா" என்பார் அவர்.

அவள் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடுவாள். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவள் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் வீட்டுச் சாமான்களைக் கட்டினாள். மகனோடு வெளிநாடு போன அவர் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். கட்டில் மேசை எதையும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அலமாரியில் விரித்திருந்த தாள் எங்கே என்று கேட்டார். அதன் ஓரத்தில் அவர் மனைவி போன் எண்களைக் கிறுக்கி வைத்திருந்தாராம். அந்த அம்மா இறந்துவிட்டார், அவர் கைப்பட எழுதியது வேறு எதுவும் வீட்டில் இல்லை. தாளைக் கசக்கி எறிந்தது நம்பர் அக்காவின் கைதான். அவர் "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் அன்றோடு மறந்திருப்பாள்.

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுச் சாமான்களைக் கட்டியபோதும் அதே கதைதான். கணவன், மனைவி, ஆறு வயதில் இரட்டைப் பெண்கள். பறக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால் மனைவி காலில் சக்கரம் கட்டியதுபோல் ஓடிக்கொண்டிருந்தாள். சமையலறை மேல்தட்டில் நம்பர் அக்கா கை வைத்ததும், "அந்தப் பழைய பேப்பரெல்லாம் எதுக்குக்கா, தூக்கிப் போட்டுடுங்க" என்றாள். அக்கா தலையை ஆட்டினாள். தலையை ஆட்டியதோடு சரி. தாள்கள் நாற்பத்தொன்றாம் பெட்டிக்குப் போயின.

போன வாரம் முதலாளி வந்து நோட்டைப் புரட்டினார். "பழைய காகிதத்துக்கு எல்லாம் என் இடத்தக் குடுக்க முடியாது. சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு" என்றார். அவரை எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை அவள். அப்படிப்பட்ட ஏழு பெட்டிகளையும் அறைகளிலிருந்து எடுத்தாள், தன் மேசைக்கு அடியில் தள்ளினாள். முழங்காலை நீட்ட இடமில்லாமல் ஒரு வாரமாகக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் மெக்கானிக் வீடியோவில் கூப்பிட்டார். நாலு பேரும் ஒரே அறையில், ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சன்னல் கம்பியில் ஈரத்துணி தொங்கியது.

"அக்கா, ஆறு வாரமா வீடு தேடுறோம். பதினோரு வீடு பாத்தாச்சு. இந்த ஊர்ல எங்களத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல, எவன் நம்பிக் குடுப்பான்? இன்னிக்கு தமிழ்க்காரர் ஒருத்தர் இரக்கப்பட்டுக் கேட்டார், எங்களப் பத்திப் பழைய வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தது ஏதாவது இருக்கான்னு. இருக்கு, நான் எடுத்து வராம விட்டுட்டேன். சாயங்காலத்துக்குள்ள போட்டோ காட்டலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவார். திங்கக்கிழம இந்த ரூமையும் விட்டாகணும்."

"அவர்கிட்டயே மறுபடி எழுதி வாங்கலாமே?"

"நாங்க வந்த மூணாவது வாரம் அவர் தவறிட்டார்க்கா."

அவள் டப்பாவை மூடினாள். மெக்கானிக் கண்ணை மூடி வீட்டுக்குள் நுழைந்தார். கூடம், இடது பக்கம் படுக்கையறை, பீரோ, பீரோவில் நீலக் கோப்பு. பதினெட்டாம் பெட்டி. போனை வண்டிக்காரர் கையில் கொடுத்து, அவர்கள் பார்க்கும்படி ஒட்டுநாடாவைக் கிழித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோப்பை மூன்று முறை புரட்டினாள். கடிதம் இல்லை.

"நான்தான் வச்சேன். என் கையால வச்சேன்" என்றார் மெக்கானிக்.

பக்கத்திலிருந்த மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். "நான் எடுத்துட்டேங்க. இதுங்க ரெண்டும் கையில கெடச்ச பேப்பர் எல்லாத்தையும் ராக்கெட் விட்டுட்டு இருந்துச்சுங்க. எட்டாத இடத்துல இருக்கட்டும்னு சமையலறை மேல்தட்டுல, விரிப்புக்கு அடியில வச்சேன். அப்புறம் ஓடுன ஓட்டத்துல சுத்தமா மறந்துபோச்சு." கையை எடுத்துவிட்டுப் போனைப் பார்த்தாள். "அக்கா, அந்தப் பேப்பரத் தூக்கிப் போடச் சொன்னதே நான்தானே."

"நீங்க சொன்னீங்க" என்றாள் நம்பர் அக்கா. "நான் போடல."

போனோடு வண்டிக்காரர் பின்தொடர, விடுவிடுவென்று நடந்து வந்து மேசைக்கடியில் குனிந்தாள். நாற்பத்தொன்று எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது. அதை இழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். மூன்றாவது தாளின் மடிப்புக்குள், எண்ணெய்க் கறை ஓரத்தில் மட்டும் பட்டு, கடிதம் இருந்தது. அடுத்தவர் காகிதத்தை அவள் படிப்பதில்லை. அதனால் எழுத்தைப் பார்க்காமல் போனுக்கு நேரே நீட்டினாள்.

"படிங்கக்கா, அழுகையில எங்களுக்குக் கண்ணு தெரியல" என்றார் மெக்கானிக்.

படித்தாள். "எட்டு வருடம் என் வீட்டில் இருந்தார்கள். நான் ஒருநாளும் போய்க் கதவைத் தட்ட வேண்டி வந்ததில்லை. மாடிப்படி விளக்கு அணைந்தால் நான் பார்ப்பதற்குள் மாற்றியிருப்பார். இவர்களை அனுப்ப எனக்கு மனமில்லை. அடுத்து யார் வீட்டுக்குப் போகிறார்களோ அவர் கொடுத்து வைத்தவர்." கீழே நடுங்கிய கையெழுத்து.

இரட்டையரில் ஒருத்தி, "தாத்தா எழுதுனதா?" என்று கேட்டாள். அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கக்கா, உங்கள ரொம்ப அலைய விட்டுட்டேன்" என்றாள்.

"பரவாயில்லம்மா" என்றாள் நம்பர் அக்கா.

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவளுக்கு உறைத்தது. ஒன்பது வருடமாக நெஞ்சில் கிடந்த சொல். போனை வைத்துவிட்டு, ஆறிப்போன சோற்றை முழுவதும் சாப்பிட்டாள்.

சாயங்காலமே வீடு கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னது வண்டிக்காரர்தான், தானே தேடி எடுத்ததுபோல் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சனிக்கிழமை வந்து போயிற்று. காகிதப் பெட்டிகளைப் பற்றி முதலாளி வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை வேறொரு வீட்டைக் காலி செய்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து நம்பர் அக்கா எழுதிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து வண்டிக்காரர் வந்தார். உடம்பெல்லாம் தூசி. கையில் அலமாரித் தாள்களை ஓரம் கிழியாமல் சுருட்டி, நூல் கட்டிப் பிடித்திருந்தார்.

"இதுக்கு எந்த நம்பர்க்கா?" என்றார்.