படியில் கிடந்த செருப்பு

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், மகள் கிடக்கும் வார்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது அப்பாவின் தோல் செருப்பு ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் சர்ச் சபைத் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற தேவராஜை அப்பா 'பிரதர்' என்று கூப்பிடுவதை நிறுத்தி, 'மிஸ்டர்' ஆக்கியிருந்தார். ஒரு மத்தியானம் தேவராஜ் காய்ச்சலில் துவண்ட மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போக ஸ்கூட்டர் கேட்டார்.

"அப்பா வூட்ல இல்ல அங்கிள்." அப்பா சொல்லிக்கொடுத்த பொய்.

படியில் கிடந்த அப்பாவின் செருப்பை அவர் பார்த்தார். "பரவால்ல பாப்பா. பிரதர் வந்தா புள்ளைக்காக ஜெபம் பண்ணச் சொல்லு."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

இப்போது என் மகளுக்கு வேண்டிய ரத்த வகை சபையில் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் இருக்கிறது. தேவராஜ் அங்கிளுக்குப் போன் போட்டு என் பெயரைச் சொன்னதும் அழுகை முட்டியது.

"பிரதர் பொண்ணா? அழாதம்மா. எந்த வார்டு? பையனோட கெளம்பிக்கினே கீறேன்."

மாமல்லபுரத்திலிருந்து அவர்கள் வர ஒரு மணி நேரமாகும். அன்று பஸ்ஸுக்கு அவர் எப்படிக் காத்திருந்தாரோ!