பின்னால் ஒரு கட்டைவிரல்

சகலை வீட்டுக் கராஜில், அரிசி மூட்டைகளுக்கும் எப்போதோ ஒரு பனிக்காலத்துக்கென்று வாங்கிப் போட்ட மண்வாரிக்கும் நடுவில், ஓர் எடை மெஷின் கிடந்தது. பேட்டரி, புளூடூத் எதுவும் இல்லாத பழைய ரகம். ஏறி நின்றால் உள்ளே ஸ்பிரிங் முனகும். கண்ணாடிக்கு அடியில் சிவப்பு முள் துடித்துத் துடித்து ஓரிடத்தில் நிற்கும். அந்த முனகலை நான் எனக்கு நேர்ந்த தனிப்பட்ட அவமானமாகவே எடுத்துக்கொண்டேன். டெக்சஸில் எங்கள் ஊரான ஃபிரிஸ்கோவின் கோடையில் அந்தக் கராஜ் இட்லிக் கொப்பரை மாதிரி கொதிக்கும். நான் செருப்பை விட்டு, கடிகாரத்தைக் கழற்றி, பாக்கெட்டிலிருந்த கார் சாவியை எடுத்து வைத்து, மூச்சையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுவேன். காற்றுக்கு எடை உண்டா என்று யோசித்து, பிறகு மூச்சை வெளியேயும் விட்டுப் பார்ப்பேன். முள் மேலே போகும். போன வாரத்தைத் தாண்டும். நின்று தொலைக்காமல் இன்னும் போகும். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "நேத்து யாரு வீட்டுக் கல்யாணமுங்க சகலை? எங்களுக்கெல்லாம் பத்திரிகை இல்லீங்களா?"

திரும்பிப் பார்த்தால், சகலை கராஜ் கூரையில் பல்லி தேடுகிறவர் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய வலது கால் கட்டைவிரல் மட்டும் மெஷினின் ஓரத்தில் அழுத்தி நிற்கும்.

"காலை எடுங்க சகலை!"

"எந்தக் காலுங்க?"

சனிக்கிழமை தோறும் இதே நாடகம். சனிக்கிழமை தோறும் நான் ஏமாந்தேன். பயந்தவனுக்கு ஞாபக சக்தி இருக்காது போலிருக்கிறது.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். எங்களுக்குள் ரத்த சம்பந்தம் கிடையாது. ஒரே மாமனாரிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் என்பதுதான் பந்தம். உலகத்தில் நிறைய சிநேகிதங்கள் இதைவிட பலவீனமான காரணத்துக்காக உண்டாகியிருக்கின்றன. அவர் பொள்ளாச்சிப் பக்கம், நான் கோபிப் பக்கம். இரண்டு பேரும் டெக்சஸுக்கு வந்து, நாலு தெரு தள்ளி ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒருவர் வீட்டுச் சோபாவில் மற்றவர் தூங்கி வாழ்ந்தோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான், சாப்பாட்டு மேஜையில், அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன என்ற செய்தியை, நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் மனைவி சொன்னார். அண்ணிக்குச் சர்க்கரை, அவரால் தர முடியாது. மகள் தருகிறேன் என்று அழுதாள். சகலை முடியவே முடியாது என்றுவிட்டார். அமைதியைத் தாங்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. "அட, எங்கிட்ட ரெண்டு சும்மாதானே கிடக்கு, ஒண்ணை எடுத்துக்குங்க" என்றேன், கூடுதலாக வைத்திருக்கும் போன் சார்ஜரைத் தருகிற தோரணையில். எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அண்ணி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வாய் தந்த கிட்னி என்று பின்னாளில் சகலை அதற்குப் பெயர் வைத்தார்.

ரத்த வகை சேராது என்று மனதுக்குள் நம்பினேன். சேர்ந்தது. மற்ற ஏதாவது சேராது என்று நம்பினேன். அதுவும் சேர்ந்தது, சொந்த அண்ணன் தம்பிக்குக்கூட இப்படி அமையாது என்று டாக்டர் வியந்தார். கடைசியில் ஆஸ்பத்திரி அம்மாள் ஒருத்தி, மிக மரியாதையாக, உங்கள் எடைக்கு அறுவை சிகிச்சை செய்ய மாட்டோம், இவ்வளவு குறைத்துவிட்டு வாருங்கள் என்றாள். இத்தனை வருஷம் நான் சுமந்த தொப்பை முதன்முறையாக என்னைத் திருப்பிச் சுமந்தது. அன்று காருக்கு வந்து ஏசியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு சகலையின் முகம் ஞாபகம் வந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் படுத்து எழுந்து வரும் அந்த முகம், கழுவிக் கழுவிச் சாயம் போன சட்டை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. என் தொப்பைக்கும் அவர் ஆயுளுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. டயட் இருக்க ஒருவனுக்கு இதைவிட மோசமான காரணம் வேண்டுமா?

என்னால் தனியாக முடியாது என்று எனக்குத் தெரியும். ஊரையே கூப்பிட்டேன். மனைவி ஒத்துழைத்தாள், அவள் ஒத்துழைப்பு முறைப்பு வடிவில் வந்தது. என் பையன், "டாட், ஜஸ்ட் ஈட் லெஸ்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். உண்மையான இடைஞ்சல் வந்தது நன்றியிலிருந்து. கிட்னி தரப்போகிற மனுஷனுக்கு எப்படி நன்றி சொல்வது? எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே வழிதான் உண்டு. அண்ணி காலையில் நெய் மணக்கப் பொங்கல் அனுப்புவார், மாலையில் தேங்காய் பர்பி. சகலையின் ஒன்றுவிட்ட தங்கை நியூஜெர்சி பிஸ்கட்டவேயிலிருந்து முறுக்கு பார்சல் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அண்ணி அனுமார் கோயிலில் வடை மாலைக்கு வேண்டிக்கொண்டு, அதை முன்கூட்டியே செலுத்தவும் செலுத்தினார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மிளகு வடையைக் கையில் வைத்துக்கொண்டு நான் தத்தளித்தபோது, சகலை சொன்னார்: "வேண்டிக்கிட்டது அனுமாருக்கு. அவரு மலையவே தூக்குனவரு, அவருக்குச் செரிக்கும். நடுவுல நீங்க எதுக்குங்க?"

ஆஸ்பத்திரியே நடத்திய எடை குறைப்போர் வட்டம் ஒன்று இருந்தது. மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, அவரவர் கஷ்டத்தைச் சொல்லி, மற்றவர்கள் தலையாட்ட வேண்டும். நான் கிளம்புவது தெரிந்து அண்ணி ஓடி வந்தார். "மொத மொத ஒரு எடத்துக்குப் போறீங்க தம்பி, வெறுங்கையோட போவாங்களா?" கையில் ஒரு டப்பா நிறைய ரவா லட்டு. வெறுங்கையோடு போகக் கூடாது என்பது என் எலும்பிலும் இருந்ததால் எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. வட்டத்தின் நடுவில் இருந்த மேஜையில், தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில், டப்பாவைத் திறந்து வைத்தேன். மூடியில் நெய் மினுங்கியது. சர்க்கரையை விட்டு ஒரு மாதம் ஆனதைச் சொல்லிக்கொண்டிருந்த பெரிய உருவத்துப் பெண்மணி ஒருவர், வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு டப்பாவையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, எங்க அம்மா மாதிரியே நீயும் என்று கண் கலங்கினார். திரும்பும்போது டப்பா காலி. அடுத்த வாரம் வட்டத்தில் யாருக்கும் எடை இறங்கவில்லை. அந்தப் பெண்மணி செய்முறை கேட்டார். நடத்துகிறவர் என்னைத் தனியே அழைத்து, உங்கள் அன்பை வார்த்தையில் மட்டும் கொண்டுவாருங்கள் என்றார்.

இதைக் கேட்டு சகலை டயாலிசிஸ் நாற்காலியில் சிரித்த சிரிப்பில் மெஷின் கத்தி, நர்ஸ் ஓடி வந்தாளாம். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "இனிமே ராத்திரிச் சாப்பாடு எங்கூட. உங்க அண்ணிகிட்டச் சொல்லிட்டேன். நான் திங்க முடியாததை நீங்களும் திங்க வேண்டாம்" என்றார். அப்படித்தான் என் வாழ்க்கையின் மிக மோசமான சாப்பாட்டுக் காலம் ஆரம்பித்தது. அவருக்கு உப்பு ஆகாது; காய்கறியை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அதன் ஆத்மா பிரிந்த பிறகுதான் தட்டில் வைக்கலாம். தயிர் கூடாது, தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது. ஆனால் வெள்ளைச் சோறு சாப்பிடலாம். எனக்கோ தயிர் உண்டு, தக்காளி உண்டு, சோறு கிடையாது. எங்கள் இரண்டு தட்டையும் சேர்த்தால் ஒரு மனிதன் சாப்பிடலாம். நான் அவருடைய சோற்றைப் பார்ப்பேன், அவர் என் தயிரைப் பார்ப்பார். குடிக்கத் தண்ணீரும் அளவு என்பதால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அதக்கிக்கொண்டு, அரிசிம்பருப்புச் சாதத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். துவரம்பருப்பு எத்தனை பங்கு, சின்ன வெங்காயம் எப்போது, பூண்டைத் தட்ட வேண்டுமா நறுக்க வேண்டுமா, இறக்கி வைத்ததும் நடுவில் குழி பறித்து நெய் விடுவது எப்படி என்று அவர் சொல்லச் சொல்ல, நான் வெறும் சுரைக்காயை மென்று விழுங்குவேன். எல்லாம் முடிந்ததும் முதலில் சாப்பிடப் போவது அதுதான் என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

வெளியே நடக்க முடியாத வெயிலில், பக்கத்திலிருந்த பெரிய மொத்த விற்பனைக் கடைக்குள் நடந்தோம். அவருக்குக் களைப்பு அதிகம் என்பதால் காலித் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வருவார். டயப்பர் மலைகளையும் டயர் மலைகளையும் சுற்றிச் சுற்றி வருவோம். மூலைக்கு மூலை இலவசமாக ருசி பார்க்கத் தருகிற அம்மாக்கள் நிற்பார்கள். சீஸ் குத்திய பல்குச்சியை ஒருத்தி நீட்ட, என் கை தானாக எழும். "அவருக்கு வேண்டாமுங்க, முழுகாம இருக்காரு" என்று தமிழிலேயே சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். அந்த அம்மாள் அன்பாகத் தலையாட்டுவாள். பிறகு என் பக்கம் குனிந்து, "பாத்து நடங்க சகலை. எங்கூட்டுச் சாமானம் உங்ககிட்ட இருக்குது" என்பார். அவர் வேகத்துக்குத்தான் நான் நடந்தேன். எடை குறைய அது போதாது என்று எனக்குத் தெரியும். அவரை விட்டு முன்னால் போகத்தான் முடியவில்லை. அவரை வீட்டில் விட்டுவிட்டு, இருட்டும் முன் குளத்து ஓரமாக இன்னொரு சுற்று, வாத்துகள் துரத்தத் துரத்த, தனியாக நடந்தேன்.

முள் இறங்கத் தொடங்கியது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஊரே பாராட்டியது. எனக்கு மட்டும்தான் தெரியும், ஒவ்வொரு பவுண்டும் கத்திக்கு ஒரு படி பக்கம் என்று. பாராட்டைக் கேட்டுக் கேட்டு வியர்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மயக்க மருந்து கொடுத்தால் எழாமல் போனவர்களைப் பற்றி மட்டுமே இணையம் எனக்குக் காட்டியது. உயில் எழுதுவது எப்படி என்று வேறு தேடிவிட்டதால், கல்லறை நிலத்துக்குத் தள்ளுபடி என்று விளம்பரம் வரத் தொடங்கியது. கொடுப்பவர்களுக்கென்றே தனியாக ஆஸ்பத்திரியில் ஓர் ஆலோசகர் உண்டு. அவர் சொல்லியிருந்தார்: எந்த நிமிடமும் பின்வாங்கலாம், நீங்கள் பொருத்தமில்லை என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்வோம், காரணம் வெளியே வராது. அந்த வாக்கியத்தை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நகைச்சுவையில் மறைக்க முடிந்த வரைக்கும் மறைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை. கராஜில் ஏறி நின்றேன். ஸ்பிரிங் முனகியது. முள் எழுந்து, வேண்டிய கோட்டைத் தாண்டி, நன்றாகவே தாண்டி நின்றது. பின்னால் கல்யாணக் கேலி வரவில்லை. சகலை, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "இன்னும் எறங்கலீங்க. உங்களுக்குப் பயமா இருந்தா... இப்படியே இருந்துட்டுப் போகட்டுங்க சகலை. நீங்க முயற்சி பண்ணுனீங்க, எல்லாருக்கும் தெரியும். உங்க அண்ணிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

நான் குனிந்து பார்த்தேன். அந்தக் கட்டைவிரல், நீர் கோத்து வீங்கிப் பளபளத்த அந்தக் கட்டைவிரல், மெஷின் ஓரத்தில் வெளுத்துப் போகும்படி அழுத்திக்கொண்டிருந்தது. அவர் கூரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் காட்டிய கதவைவிட அகலமான ஒரு கதவை, தன் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய மனுஷன், ஒற்றை விரலால் எனக்குத் திறந்து வைத்திருந்தார். என் பயத்தை நான் சொன்னதே இல்லை. முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"காலை எடுங்க சகலை" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

எந்தக் கால் என்று அவர் கேட்கவில்லை. எடுத்தார். முள் இறங்கி, கோட்டுக்குக் கீழே வந்து நின்றது. நான் இறங்கவே இல்லை, கொஞ்ச நேரம். இரண்டு பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மயக்க மருந்திலிருந்து எழுந்தேன் என்பது இதை எழுதுவதிலிருந்தே தெரியும். அவரும் எழுந்தார். ஒப்பந்தப்படி அண்ணி அரிசிம்பருப்புச் சாதம் செய்து, நடுவில் குழி பறித்து நெய் விட்டார். சகலை முதல் கவளத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "உப்பு கொஞ்சம் தூக்கலுங்க" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவர் நாக்குதான் உப்பை மறந்திருந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே அழ, நான் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சில நல்ல வருஷங்கள். குளத்தை இருவரும் சேர்ந்தே சுற்றினோம். வாத்துகளுக்கு நாங்கள் பழகிவிட்டோம். பிறகு ஒரு குளிர்காலக் காலையில், காப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் இதயம் நின்றுபோனது. சிறுநீரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது கடைசி வரை அருமையாக வேலை செய்தது என்றார் டாக்டர். என் பையன் பரீட்சையில் தேறியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. இவ்வளவு பிரயோஜனமில்லாத பெருமையும் வேறு இல்லை. தகன மேடையில் பட்டனை அழுத்த அவர் மகளின் கணவரைக் கூப்பிட்டபோது எனக்கு ஒரு நினைப்பு வந்தது: இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் தகனமானவன் நான் ஒருவன்தான். இதைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக் கூடியவர் ஒரே ஒருவர். திரும்பி அவரைத் தேடவும் தேடினேன்.

அண்ணி வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போனபோது, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எடை மெஷினைக் கேட்டேன். இப்போது அது என் கராஜில் இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. மிச்சம் இருக்கும் ஒற்றைக் கிட்னி இரண்டு பேர் வேலையைச் செய்கிறது, அதன் சுமையைக் குறையுங்கள் என்று டாக்டர் சிரிக்காமல் சொன்னார். மறுபடி பயம், மறுபடி ஊரைக் கூப்பிடுகிறேன். கையில் ஒரு கடிகாரம் நடக்கச் சொல்லி அதிர்கிறது. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்கள் உயர்கின்றன, எல்லாம் மஞ்சள் நிறம். பையன் இப்போது மருத்துவம் படிக்கிறான். அதே 'ஈட் லெஸ்' வாக்கியத்தைக் கொஞ்சம் பெரிய வார்த்தைகளில் சொல்கிறான். எல்லோரும் என் பக்கம்தான். ஆனால் பின்னால் யாரும் இல்லை.

போன சனிக்கிழமை செருப்பை விட்டு, கடிகாரத்தைக் கழற்றி, சாவியை எடுத்து வைத்து ஏறி நின்றேன். ஸ்பிரிங் முனகியது. முள் மேலே போனது. போன வாரத்தைத் தாண்டி, நன்றாகவே தாண்டி, நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"காலை எடுங்க சகலை" என்றேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். முள் அசையவில்லை.