பொன்முடி பஸ்ஸிலிருந்து இறங்காத அக்கா

பெண் பார்க்கப் போன அன்று நான் ஒரு உண்மையைச் சொன்னேன். பதினாறு வருஷமாக அந்தக் குடும்பத்தில் அது பொய்யாகவே இருந்தது.

பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணின் அண்ணனிடம், அந்தப் பொன்முடி பஸ் விளையாட்டை நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது திருவனந்தபுரத்தில் அது இல்லாத கம்ப்யூட்டர் சென்டர் கிடையாது. தம்பானூரில் சிவப்பு பஸ்ஸை எடுத்து, நெடுமங்காடு, விதுரா, கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் இருபத்திரண்டையும் ஏறி, பொன்முடியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இரண்டு அறைகளில் ஐந்து பேர் உட்கார்ந்து செய்தோம். மற்ற நால்வரும் மலையாளிகள், நான் ஒருவன்தான் தமிழ். ஒருத்தர் பஸ், ஒருத்தர் ரோடு, ஒருத்தர் சத்தம், ஒருத்தர் மலை. பயணிகள் என் பொறுப்பு. யார் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை எல்லாம் எழுதியவன் நான்.

வெளியாக ஒரு வாரம் இருக்கும்போது சென்னையில் இரட்டைச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. போய்விட்டேன். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாகும் முன்பே விட்டுப்போனவனின் பெயர் கடைசியில் ஓடும் பட்டியலில் வராது.

மச்சானுக்குச் சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். ஒரு கை அள்ளி முகர்ந்து பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர். மறுநாளே விளையாட்டை வாங்கிப் பொன்முடி வரை ஓட்டிப் பட்டியலைப் படித்தார். நாலு பெயர் இருந்தது. டீ கொண்டுவந்தவருக்கு நன்றி இருந்தது. நான் இல்லை.

ஆனாலும் கல்யாணம் நடந்தது. பேச்சு பொய்யாக இருந்தாலும் சம்பளம் மெய்யல்லவா. அதன் பிறகு எந்த விசேஷத்திலும் மச்சான் என்னை நாலு பேருக்கு அறிமுகப்படுத்தும்போது, "நம்ம மாப்ள. பொன்முடி பஸ்ஸு இவருதான் செஞ்சாராம், கேட்டோ" என்று சொல்லிக் கண்ணடிப்பார். என் மனைவி "விடுங்கண்ணே" என்பாள். மச்சானின் கண்ணடிப்பைப் பொறுத்துக்கொண்டேன். அந்த "விடுங்கண்ணே"தான் எனக்கு ஆறவில்லை. நான் பொய் சொன்னேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. மெய் சொன்னேன் என்றும் சொன்னதில்லை. "இவர்தான் செய்தார்" என்று அவள் வாயால் ஒரே ஒரு தடவை வந்தால் போதும் என்று இருந்தது. கேட்டு வாங்க ரோஷம் விடவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பட்டியலைப் பார்க்கத்தான் ஓட்டினார் என்றாலும், மச்சான் அந்த விளையாட்டில் விழுந்துவிட்டார். அதிலும் குறிப்பாக, இறங்காத அக்காவிடம்.

பஸ்ஸில் ஜன்னலோரமாக ஒரு அம்மாள் மடியில் மஞ்சளாக எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தம்பானூரில் ஏறுவாள். எங்கும் இறங்கமாட்டாள். பொன்முடியில் பஸ் நின்ற பிறகும் வெளியே பார்த்துக்கொண்டே இருப்பாள். துபாயிலும் தோஹாவிலும் இருக்கிறவர்கள் ஊர் ஞாபகம் வந்தால் அந்த பஸ்ஸை ஓட்டுவார்களாம், அக்காவுக்காக. அவர்களுக்கு போனில் ஒரு குழு உண்டு. அதை நடத்துகிறவர் மச்சான். செத்துப்போனவள் என்று ஒரு கட்சி, டிரைவரின் பெண்டாட்டி என்று ஒரு கட்சி. மச்சானின் கட்சி வேறு. எல்லாரும் இறங்கிப்போன பிறகு, மலை ஏறும் டிரைவருக்கு ஒரு துணை வேண்டும் என்று நினைத்து இதைச் செய்தவன் அவளை உட்கார வைத்திருக்கிறான், அவன் பெரிய ஞானி என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

போன வருஷம், சென்னையை விட்டுத் திரும்பி வந்து கழக்கூட்டத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு அதே விளையாட்டு ரீமாஸ்டர் செய்ய வந்தது. அடிப்பாகத்தை மாற்றாமல் பழைய விளையாட்டைப் புதுத் திரைக்கு ஏற்ற மாதிரி துலக்கிக் கொடுப்பது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரி. பூசிப் பார்த்தால்தான் தெரிகிறது, பாத்திரம் எங்கெங்கே நசுங்கியிருக்கிறதென்று. பழைய விளையாட்டில் பொன்முடி முழுக்கப் பனி மூடியிருக்கும். அது அழகுக்குப் போட்டதல்ல. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தூரத்து மலையை வரையத் தெம்பில்லை, அதனால் மூடி வைத்திருந்தோம். புதுக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு இருந்தது. பனியை எடுத்தோம். மலை, சவரம் பண்ணின தலையாக நின்றது. உடனே பனியைத் திரும்பக் கொண்டுவர மூன்று பேர் இரண்டு மாதம் உழைத்தார்கள். நெடுமங்காட்டில் தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதந்த மாட்டைத் தரையில் இறக்கினோம். ரசிகர்கள் கொதித்துப் போனதும் மறுபடி மிதக்கவிட்டோம். மேலே தூக்கியதற்கும் தனியாக வேலைக் கணக்கு எழுத வேண்டியிருந்தது.

அக்காவின் முறை வந்தபோது எல்லாரும் அறையில் கூடினோம். பழைய திரையில் அவள் முகம் பதினொரு புள்ளி. புதுத் திரையில் மூக்கு, காது, வயசு எல்லாம் வேண்டும். வரைகிறவர் மடியில் இருப்பது பலாப்பழமா மூட்டையா என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். பலாப்பழம் என்றால் இத்தனை வருஷத்தில் அழுகியிருக்கும் என்று ஒருவர் சொல்ல, அதையும் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் மஞ்சள் துணிப்பை என்று முடிவாயிற்று, உள்ளே இருப்பதைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

சோதனை பார்க்கும் பெண் எழுதிய அறிக்கையையும் வாசித்தார்கள். "நாற்பத்தொரு தடவை ஓட்டினேன். எதிர்பார்த்தது: பயணி இறங்க வேண்டும். நடந்தது: பயணி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்."

எங்கள் தலைவி முப்பது வயசுப் பெண், கெட்டிக்காரி. அக்காவை எங்கே இறக்குவது என்று கேட்டார். தன் சித்தி விதுராவில் இருப்பதால் அங்கே இறக்கலாம் என்றார் ஒருவர். பிறகு தலைவி மலையாளத்தில், இதை எழுதினவன் பொறுப்பில்லாத ஒருத்தனாகத்தான் இருக்க வேண்டும் என்றார். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். திருத்தும் வேலை எனக்கு வந்தது.

பழைய கோப்பைத் திறந்தேன். வரிசையாக என் பயணிகள். முப்பத்தேழாவது அக்கா. ஏறும் இடம் தம்பானூர், இறங்கும் இடம் காலி. அதற்கு மேலே, எங்களுக்கு மட்டும் குறிப்பாக எழுதி வைக்கும் வரி ஒன்று, ஆங்கில எழுத்தில் தமிழாக இருந்தது. "இவளுக்கு ஸ்டாப் நாளைக்குப் போடணும்." அந்த அறைகளில் தமிழில் எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான். எழுதிய மறுநாள்தான் சென்னை வேலைக்கான கடிதம் வந்திருக்க வேண்டும். எனக்குக் காது சுட்டது. நோட்டில் அந்த வரியை எழுதிக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு காலியிடத்தில் கல்லாறு என்று போட்டு ஓட்டிப் பார்த்தேன். கல்லாறில் பஸ் நின்றது. அக்கா எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ரோட்டோரமாக நின்றாள். வீடில்லை, கடையில்லை, அவளுக்காகக் காத்திருக்க நாங்கள் யாரையும் செய்து வைக்கவில்லை. பஸ் கிளம்பியது. இருபத்திரண்டு வளைவையும் காலி பஸ்ஸாக ஏறினேன். சகிக்கவில்லை. மச்சான் சொன்னது சரி என்று தோன்றியது எனக்கு மேலும் எரிச்சலைத் தந்தது.

கல்லாறை அழித்துவிட்டுத் தலைவியிடம் போய், அவளை விட்டுவிடலாம் என்றேன். காரணம் கேட்டார். என் தப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை. ரசிகர்கள் என்று மட்டும் சொன்னேன். ரீமாஸ்டர்காரர்கள் எல்லாச் சண்டையையும் தீர்க்கிற வழியில் அவரும் தீர்த்தார். பழைய தப்பை வைத்துக்கொள்ளவும் எடுத்துவிடவும் ஒரு பொத்தான். அக்கா இறங்குவார். அக்கா இறங்கமாட்டார். விருப்பம்போல் அழுத்திக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் சாப்பாடு. அக்காவை இறக்கப்போகிற சேதி எப்படியோ குழுவுக்குப் போயிருந்தது. மச்சான் மனு ஒன்று எழுதி, துபாய்வரை கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். அதைக் கம்பெனியில் கொடுக்க வேண்டியது நானாம். அவளை இறக்கிவிட்டால் இனி உங்க வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றார். பொத்தானைப் பற்றிச் சொன்னேன். பொத்தான்கூட அவளுக்கு அவமானம் என்றார். பிறகு அந்த ஞானியைப் பற்றி ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மச்சான், அது ஞானி இல்ல. நான்தான். ஸ்டாப்பு போடாம விட்டுட்டேன்" என்று தாளை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வாசித்தார். மிளகாயைப் பார்ப்பதுபோலத் திருப்பியும் பார்த்தார். "இது நீங்க நேத்து எழுதினதுல்லா" என்றார்.

நேற்று இல்லாவிட்டாலும் அந்த வாரம் எழுதியதுதான். பழையது கம்பெனியில் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவர முடியாது என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகக் கேட்டது. மச்சான் சிரிக்க ஆரம்பித்தார்.

ரசம் கொண்டுவந்த என் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். ஒரே ஒரு வரிதான். அதை அவ்வளவு நேரம் வாசித்தாள்.

"அண்ணே, இது இவியதான்" என்றாள்.

"கையெழுத்த வெச்சா சொல்லுத?"

"கையெழுத்து ஆரு வேணா போடலாம். எங்க கட்டிலுக்கு ஒரு காலு ஒடிஞ்சு அடியில செங்கல் வெச்சிருக்கு. கல்யாணம் கழிஞ்ச வருஷம் வெச்சது. நாளைக்கு ஆசாரியக் கூப்பிடுதேன்னு சொன்னாவ. நாளைக்குன்னு எழுதி வெச்சிட்டு எந்திச்சுப் போக இவியள விட்டா வேற ஆளு கெடையாது. இவியதான் செஞ்சது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மச்சான் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். தங்கை சொன்னதை அவர் முகர்ந்து பார்ப்பதில்லை. என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சாமி என்று கும்பிட்டு வந்தது தங்கை புருஷனைத்தான் என்று தெரிந்துவிட்ட மனிதனின் முகம் அது. எனக்கே பாவமாக இருந்தது.

"நெசமாவே மறந்துட்டீங்களா, மாப்ள?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"மறக்கல மச்சான். எங்க இறக்கிவிடன்னு தெரியல."

தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆருட்டயும் சொல்லிராதீங்க. அங்க துபாயில ஆளுக மனசு ஒடிஞ்சு போகும்" என்றார்.

சரி என்றேன். உண்மையாகவே சரிதான். சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள்.