சரோஜாக்காவின் குடம்

மகள் வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் உலகப் போருக்கு முன்னால் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி மூன்றும் ஒப்பந்தம் போட்டனவாம். ஒருத்தரை அடித்தால் மற்ற இருவரும் துணைக்கு வரவேண்டுமாம்.

"ஆனா சண்டை வந்தப்போ இத்தாலி வரவே இல்லம்மா. இன்னா நாடு இது?"

எனக்குச் சின்ன வயதில் நாங்கள் இருந்த கோரமண்டல் லைன் வீட்டுக் குழாயடி ஞாபகம் வந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய முப்பது வீட்டுக்கு ஒரே குழாய். எங்கள் அம்மாவும் எதிர்வீட்டுச் சரோஜாக்காவும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்: "எவ மேல கை வச்சாலும் ரெண்டு பேரும் எறங்கணும்."

ஒருநாள் மேல் லைன்காரிகள் நாலு பேர் வரிசையை மீறிக் குடத்தை நுழைத்தார்கள். தட்டிக்கேட்ட அம்மாவைக் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினார்கள்.

"சரோஜா, வாடி!" என்று அம்மா கத்தினாள்.

சரோஜாக்கா வந்தாள். அம்மாவின் குடத்தைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அது நிரம்பும் சத்தத்தைக் கேட்டபடி அம்மா சேற்றில் கிடந்தாள்.

"இத்தாலி கடைசில ஜெயிச்சவங்களோட போய் உக்காந்துக்கிச்சாம்மா," என்றாள் மகள்.

"உக்காராம இன்னா பண்ணும்? அதுக்கு அது குடம் ரொம்பணும்."